உப்புக் காற்றில் கிடந்த பழைய புல்லட்டை ட்ரயல்ஸ் வண்டியாக மாற்றலாமா?

மண்டபத்தில் கொட்டகையில் கிடக்கும் பழைய 350 புல்லட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கரடுமுரடான தடத்தில் மெதுவாக, சமநிலையோடு ஓட்டும் ட்ரயல்ஸ் வண்டியாகத் தாராளமாக மாற்றலாம். 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் தங்கப் பதக்கம் வாங்கிய மாடல் அது.

ஆனால் இன்ஜினைத் தொடுவதற்கு முன் உப்பைப் போக்குங்கள். துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தால் போதாது. இரும்பின் நுண்குழிகளில் உப்பு தங்கினால் பெயின்டுக்கு அடியிலேயே கொப்புளம் கட்டும். ஃப்ரேமை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவுங்கள். நம்ம பக்கத்து போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் உப்பு, அது வேண்டாம். காவிரித் தண்ணீரோ மழைநீரோ பிடித்து வையுங்கள். எர்த் வயர் முனையைக் கழற்றியே பாருங்கள், உள்ளே பச்சை பூத்திருக்கும்.

அப்புறம், ஸ்பார்க் நேரத்தைத் தரும் பழைய பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது என் கணக்கில் நல்ல செலவு. முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை ஓட்டும் பல்சக்கரம்) பல்லைக் குறைத்தால் மணலில் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கும்.