சித்திரை ஒன்றா, இரண்டா?

அன்புள்ள ஐயா,

என் மகன் சித்திரை நட்சத்திரத்தில் பிறந்தவன். அது ஒன்றல்ல, இரண்டு, வெளிச்சமும் கூடிக் குறையும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னான். ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டின் தென்கிழக்குப் பார்த்த நடைபாதையில் நின்று நாலு ராத்திரி பார்த்தோம். மினுக் மினுக்கென்று துடித்தது. அதுதானா? "அப்போ எந்த நட்சத்திரத்துக்கு அர்ச்சனை செய்வது?" என்று மாமியார் வேறு கேட்கிறார்.

வாசகி, பினாங்கு

அன்புள்ள சகோதரிக்கு,

மகன் சொன்னது சரி. ஆனால் நீங்கள் பார்த்த துடிப்பு நட்சத்திரத்துடையதல்ல, நம் காற்றுடையது. அடிவானத்துக்குப் பக்கத்தில் எல்லா நட்சத்திரமும் அப்படித்தான் ஆடும். நானும் ஒரு காலத்தில் இதையே நோட்டுப் போட்டுக் குறித்து வைத்து ஏமாந்தவன்தான்.

சித்திரையின் நிஜமான மாற்றம் சில விழுக்காடுதான், கண்ணுக்குப் பிடிபடாது. அது இரட்டை என்பதே 1890இல்தான் தெரிந்தது. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஹெர்மன் ஃபோகல் அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்தார். அதிலுள்ள கருங்கோடுகள் ஒரு சமயம் நீலப் பக்கமும் இன்னொரு சமயம் சிவப்புப் பக்கமும் நகர்ந்தன. நீலப் பக்கம் போனால் நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறது, சிவப்புப் பக்கம் போனால் விலகுகிறது என்று அர்த்தம். ஏதோ ஒன்று அதைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சூரியனுக்கும் புதனுக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில், நாலே நாளில் ஒரு சுற்று! இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றையொன்று இழுத்து, இரண்டும் முட்டை வடிவமாகிவிட்டன. முட்டையின் அகலப் பக்கம் நம்மைப் பார்த்தால் வெளிச்சம் கொஞ்சம் கூடும், கூர்ப்பக்கம் திரும்பினால் குறையும். பெரியதற்கு நாலு மணி நேரத்துக்கொரு தரம் விம்மித் தணியும் வழக்கமும் இருந்தது. 1970களில் அது ஓய்ந்துபோனது.

சுமார் 250 ஒளியாண்டு தூரம். பிரான்சிஸ் லைட் 1786இல் பினாங்கில் வந்து இறங்கிய காலத்தை ஒட்டிக் கிளம்பிய வெளிச்சம்தான் இப்போது உங்கள் நடைபாதைக்கு வருகிறது.

மாமியாருக்கு ஒரு வார்த்தை. ஜென்ம நட்சத்திரம் என்பது அந்த ஒளிப்புள்ளி அல்ல. நிலா போகும் பாதையை 27 கூறாகப் பிரித்ததில் ஒரு கூறு. அந்தக் கூறுக்கு அடையாளக்கல் மாதிரி நிற்பதுதான் இந்த ஜோடி. சித்திரைக் கூறே பாதி கன்னியிலும் பாதி துலாத்திலும் கிடக்கிறது. அதற்காக யாரும் இரண்டு அர்ச்சனைச் சீட்டு வாங்குவதில்லையே?

வெளிச்சம் குறைவதைக் கண்ணாலேயே பார்க்க மகனுக்கு ஆசையிருந்தால், டிசம்பர் வரை பொறுக்கச் சொல்லுங்கள். வடக்கே பெர்சியஸ் மண்டலத்தில் அல்கால் என்றொரு நட்சத்திரம். 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை அதன் மங்கலான துணை குறுக்கே வந்து மறைக்கும். ஐந்து மணி நேரத்தில் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும், அப்புறம் அதே வேகத்தில் ஏறும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டாலே தெரியும். ஒரே சிக்கல், அது உங்கள் நடைபாதைக்கு வராது. எதிர்ப்பக்கத்து வீட்டுக்காரர் யாரையாவது இப்போதே சிநேகம் பிடித்து வையுங்கள்.