சாரல் ஊரில் சோலார் வெந்நீர்: கேள்வி பதில்

செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதினைந்து வருடமாக இந்த ஊர்களின் மொட்டைமாடிகளில் ஹீட்டர் மாட்டுகிறவன் என்பதால் பதில் சொல்கிறேன்.

அண்ணாச்சி, நாங்கள் நாலு பேர். சோலார் வைத்தால் சாரல் மாதத்தில் வேலை செய்யுமா? (இலஞ்சி)

நாலு பேருக்கு 100 லிட்டர் போதும். ஆனால் குற்றால சீசனில் இலஞ்சி வீட்டுக்கு விருந்தாள் வராமல் இருக்குமா? 200 போட்டுவிடுங்கள்.

ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் புகுந்துவிட்டால், வெந்நீர் வேண்டிய நாளில்தான் வெயில் இருக்காது. மூடாக்கு நாளில் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அதனால் டேங்கிலேயே கரண்டில் சூடேற்றும் 2 கிலோவாட் காயில் உள்ளதாக வாங்குங்கள். 100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற சுமார் 3.5 யூனிட் கரண்ட் ஆகும். வெயில் பாதி ஏற்றியிருந்தால் மீதிக்குத்தான் செலவு. ராத்திரி முழுக்க சுவிட்சைப் போட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ஹீட் பம்ப் நல்லதா? (புளியரை)

நல்லது, விலைதான் கூட. ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்ட கதை: காற்றில் இருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். 1 யூனிட் கரண்டுக்கு ஏறக்குறைய 3 யூனிட் சூடு கிடைக்கும். நம் சாரல் நனைக்குமே தவிர உறைய வைக்காது, அதனால் மழையிலும் ஓடும். மாடியில் கரண்ட் தயாரிக்கும் சோலார் பேனல் போடப் போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பகலில் ஓடவிடுங்கள்.

மத்திய அரசு மானியம் வெந்நீர் ஹீட்டருக்கும் உண்டா?

2024-இல் வந்த பிஎம் சூர்ய கர் திட்டத்தைக் கேட்கிறீர்கள். அது பேனலுக்கு மட்டும், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை. வெந்நீர் ஹீட்டருக்கு அதில் இடமில்லை.

சோலார் ஹீட்டரில் வெயிலை வாங்குவது கண்ணாடிக் குழாயாக இருக்கலாமா, தகடாக இருக்கலாமா? எங்கள் போர் தண்ணீர் உப்பு. குரங்குத் தொல்லையும் உண்டு. (பண்பொழி)

உப்புத் தண்ணீரில் தகட்டு மாடலின் மெல்லிய செம்புக் குழாய் படிவு கட்டி அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழாய் அந்த விஷயத்தில் தாங்கும், குரங்கிடம் தாங்காது. கண்ணாடிக் குழாய் வாங்கி மேலே கம்பி வலை அடியுங்கள். கொஞ்சம் நிழல் விழும், பரவாயில்லை.

ஓட்டு வீட்டின் மேல் வைக்கலாமா? (ஆரியங்காவு)

வேண்டாம். 200 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 200 கிலோ. கான்கிரீட் தளம் உள்ள பகுதியில், தெற்குப் பார்த்து, ஆனி ஆடிக் காற்றுக்குப் பெயராதபடி போல்ட் போட்டு நிறுத்துங்கள்.

கொத்தனார் வேலை நடக்கிறது. இப்போது என்ன செய்ய வேண்டும்?

நல்ல நேரத்தில் கேட்டீர்கள். சாதாரண மாடலுக்குப் பச்சைத்தண்ணீர் தொட்டியின் அடிப்பாகம், வெந்நீர் டேங்கின் தலைக்கு மேலே இருக்க வேண்டும். என் சொந்த வீட்டிலேயே இதைக் கோட்டைவிட்டேன். இரண்டும் ஒரே மட்டம், டேங்க் நிறையவே இல்லை. பிறகு தொட்டியை இறக்கி, செங்கல் மேடை கட்டி மறுபடி ஏற்றினோம். வீட்டுக்காரம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அப்புறம், வெந்நீர் லைனுக்கு சூடு தாங்கும் சிபிவிசி பைப்தான். சாதாரண பிவிசி சூட்டில் இளகிவிடும். குளியலறையை டேங்குக்கு நேர் கீழே வைக்கப் பாருங்கள். முக்கால் இஞ்ச் பைப் 15 மீட்டர் ஓடினால் அதற்குள் நாலு லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும். காலையில் அத்தனையும் வழிந்த பிறகுதான் சூடு வரும். வாளியை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள், துணி அலசலாம்.