கொரோனா காலத்தில் ஆன்லைன் படிப்பு ஏன் எல்லாருக்கும் எட்டவில்லை?

"பள்ளிகள் மூடியிருந்தாலும் ஆன்லைன் வகுப்பு நடந்ததே, அப்புறம் ஏன் இத்தனை பிள்ளைகள் பின்தங்கினார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வகுப்பு நடந்தது உண்மைதான். அதில் உட்கார முடிந்தவர்கள்தான் குறைவு.

2020 ஏப்ரலில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. அந்த ஆண்டு இறுதியில் யுனிசெஃப் சொன்ன கணக்குப்படி, உலகில் 3 முதல் 17 வயதுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 130 கோடிப் பேருக்கு வீட்டில் இணையமே கிடையாது.

சரி, இணையம் இருந்த வீடு? ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். அவர் இரவு திரும்பிய பிறகு அண்ணனுக்கு ஒரு மணி நேரம், தங்கைக்கு ஒரு மணி நேரம். கணக்கு டீச்சர் அனுப்பிய வீடியோ பாதி ஓடுவதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். கணக்கெடுப்பில் இந்தப் பிள்ளையும் 'இணையம் உள்ளவர்'தான். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

உகாண்டாவைப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், இடையில் சில வகுப்புகளுக்கு மட்டும் திறந்து, மறுபடி மூடி, முழுதாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்றுதான். வானொலியில் பாடம் நடத்தினார்கள், அச்சடித்த பாடங்களும் கொடுத்தார்கள். ரேடியோகூட இல்லாத வீடுகள் இருந்தன. பல சிறுவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள். பல சிறுமிகள் கர்ப்பமானார்கள். மணி அடித்தபோது அவர்களில் பலர் வகுப்புக்குத் திரும்பவில்லை.