எச்சரிக்கையின் வாயை மூடாதீர்கள்

கேள்வி: நாங்கள் நால்வர் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கான கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டை (தொகுப்பதற்கு முன் தேவையானவை கணினியில் உண்டா என்று பார்க்கும் கட்டளைத் தொடரை) ஷெல்லில் நாங்களே எழுதினோம். அதை ஓடவிட்டால் ‘சரிபார்க்கிறேன்… உண்டு’ என்று திரை நிறைய வரிகள் ஓடுகின்றன. எச்சரிக்கைகள் அதற்குள் புதைந்துபோகின்றன. வெளியீடு முழுவதையும், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ் நல்லுக்குத் திருப்பிவிடலாமா?
– மாணவி, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

பதில்: வேண்டாம், தங்கச்சி. 2022 மின்வெட்டுக் காலத்தில் நான் அதைத்தான் செய்தேன். கொக்குவிலில் கடையொன்றின் மேல்மாடி அறை. மின்சாரம் நிற்பதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். சாதாரண வெளியீட்டோடு பிழை வெளியீட்டையும் டெவ் நல்லுக்கு அனுப்பிவிட்டேன். ‘இசட்லிப் இல்லை, சுருக்கும் வசதி இல்லாமல் தொகுக்கப்படும்’ என்ற ஒற்றை வரி என் கண்ணில் படவேயில்லை. காப்புக் கோப்புகள் சுருங்காமல் வட்டு நிறைந்தபோதுதான் தெரிந்தது. அந்த வரியை நானே அழித்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

கொன்ஃபிகர் ஸ்கிரிப்ட்டுகளை ஆக்கித்தரும் கருவியான ஒட்டோகொன்ஃப் உருவாக்கும் ஸ்கிரிப்ட்டைத் திறந்து பாருங்கள். மிக அழகான ஏற்பாடு. ‘சரிபார்க்கிறேன்’ வரிகள் 6 ஆம் இலக்க வெளியீட்டு வாயிலுக்குப் போகின்றன. வழக்கமாக அது திரையோடு இணைந்திருக்கும். குவைட் (அமைதி) தெரிவைக் கொடுத்தால் மட்டும் டெவ் நல்லோடு இணைகிறது. அதே வரிகள் 5 ஆம் வாயில் வழியாக கொன்ஃபிக்.லொக் கோப்பில் எப்போதும் பதிவாகின்றன. எச்சரிக்கையும் பிழையும் பிழை வெளியீட்டுக்கான 2 ஆம் வாயிலில் வருவதால் அவற்றை யாரும் தொடுவதில்லை.

நீங்களும் வெளியீட்டை இப்படியே பிரித்துவிடுங்கள். தெரிவுகளை வாசிக்கும் கேஸ் பகுதியில் ஒரு கிளை போதும். பெயரைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம்: -க்யூ, --குவைட், --சைலன்ட் என்ற மூன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள், பழகியவர்களின் கை அவற்றைத்தான் தேடும். உள் அடைவுகளில் வேறு கொன்ஃபிகர் இருந்தால் அவற்றுக்கும் இந்தத் தெரிவைக் கடத்துங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொகுக்கும் கட்டம் வேறு. தொகுப்பு விதிகளை எழுதித்தரும் கருவியான ஒட்டோமேக்கின் 1.11 பதிப்பு முதல் அதற்கு சைலன்ட் ரூல்ஸ் என்ற வசதி உண்டு. நீண்ட கொம்பைலர் கட்டளைக்குப் பதிலாக ‘சிசி’ என்பதும் கோப்பின் பெயரும் மட்டும் தெரியும்; முழுக் கட்டளை வேண்டும்போது மேக் வி=1 என்று ஓடவிடலாம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்கும்போது, கடைசி வரியாக லொக் கோப்பின் பெயரைத் திரையில் காட்டுங்கள்.