12 சதவீதத்தில் நிற்கும் டிஸ்க்

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டிஸ்க் செக் தானாக ஓடுகிறது. 'டிரைவை நேரடியாகத் திறக்க முடியவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி வருகிறது. பிறகு விண்டோஸ் வழக்கம்போல் வந்துவிடுகிறது. மறுநாளும் இதே கதை. டிஸ்க் போய்விட்டதா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ஒரு வரியை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. விண்டோஸிலேயே இருக்கும் இந்தப் பரிசோதனைக் கருவி, அதாவது செக் டிஸ்க்குக்கு, டிரைவ் முழுசாகக் கையில் கிடைக்க வேண்டும். ஆன்டிவைரஸோ பேக்கப் மென்பொருளோ முந்திக்கொண்டு அதைப் பிடித்துவைத்தால், பார்க்காமலே திரும்பிவிடும். பார்க்க வேண்டும் என்ற குறி அழியாததால் மறுநாளும் அதே வரி. கடைசியாக எதை இன்ஸ்டால் செய்தீர்களோ அதை நீக்கிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ரிப்பேர் பகுதியின் கமாண்ட் பிராம்ட்டில் செக் டிஸ்க்கை ஓட்டுங்கள். அங்கே உங்கள் சி டிரைவுக்கு வேறு எழுத்து இருக்கலாம், அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி5, சி6 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள்; டிஸ்க்கில் படிக்கத் தடுமாறும், படிக்கவே முடியாத இடங்களின் கணக்கு அது. பூஜ்யம் இல்லையென்றால் முதலில் நகல், அப்புறம்தான் செக் டிஸ்க். இழுத்துக்கொண்டு கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைத்தால் பாதியிலேயே போய்ச் சேரலாம்.

கேள்வி: எனக்கும் இதே தொல்லை இருந்தது. நண்பர் ஏதோ கமாண்ட் கொடுத்து, ஆன் செய்யும்போது வரும் செக்கை நிறுத்திவிட்டார். இனி பயமில்லையே? - ஓசூர்

பதில்: நின்றது பரிசோதனை மட்டும்தான். இன்றைக்கே நகல் எடுங்கள்.

கேள்வி: புதுசு என்று சொல்லிப் பாதி விலைக்கு ஹார்ட் டிஸ்க் கொடுத்தார்கள். 20 நாளில் செக் டிஸ்க் 12 சதவீதத்தில் மூன்று மணி நேரம் நிற்கிறது. "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்" என்கிறார் கடைக்காரர். பில் இல்லை, எஸ்டிமேட் சீட்டு மட்டும் இருக்கிறது. - வாசகி, காரைக்குடி

பதில்: எஸ்டிமேட் சீட்டு! எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுவது இந்தச் சீட்டால்தான். சீரியல் நம்பர் கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது, ஓரத்தில் ஒரு கிறுக்கல். "பில் வேணும்னா 18 பர்சென்ட் ஆகும்" என்பார்கள், நாமும் ஏதோ லாபம் என்று தலையாட்டுவோம். நானும் ஆட்டியவன்தான். பெட்டியில்லாமல், வெறும் பிளாஸ்டிக் உறையில் ஒரு டிஸ்க் வாங்கி வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஓடிய நேரம் 21,340 மணி. 24ஆல் வகுத்தால் 889 நாள்! எங்கோ சிசிடிவி பெட்டிக்குள் இரண்டரை வருடம் ராப்பகலாக உழைத்த டிஸ்க். ஸ்குரூ துளைகளைச் சுற்றிக் கீறல் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். ஓடிய நேரக் கணக்கையும் சிலர் அழித்துவிடுவதால், பூஜ்யம் இருந்தாலும் துளைகளைப் பாருங்கள்.

உங்கள் டிஸ்க் அங்கேயே முட்டி நிற்பதைப் பார்த்தால் பேட் செக்டராகத்தான், அதாவது டிஸ்க்கில் படிக்க முடியாமல் கெட்டுப்போன இடமாகத்தான் தெரிகிறது. ஃபார்மேட் அதை ஆற்றாது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. சீட்டு, யுபிஐ பதிவு, டிஸ்க்கில் ஒட்டிய சீரியல் நம்பரின் படம், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். தயங்காதீர்கள், தப்பு உங்களுடையதல்ல.

கேள்வி: ஆன்லைனில் 799 ரூபாய்க்கு 16 டிபி பென்டிரைவ் வாங்கினேன். சொருகினால் 'ஸ்கேன் செய்து சரிசெய்' என்றே கேட்கிறது. வீடியோக்கள் திறக்கவில்லை. - கோவை

பதில்: 799க்கு 16 டிபி! யோசிக்கவே இல்லையா? உள்ளே இருப்பது 32 ஜிபியோ 64 ஜிபியோ இருக்கும், மிச்சம் பொய்க் கணக்கு. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற, உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மை தெரியும். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் திருப்பி அனுப்புங்கள்.

கேள்வி: என் கணவர் எடுத்த கல்யாண ஆல்பங்கள் எல்லாம் ஒரே டிஸ்க்கில். அவர் போன பிறகு அது திறக்கவில்லை. மீட்டுத் தருவதாக 6,000 முன்பணம் வாங்கியவர், நாலு மாதமாக டிஸ்க்கையும் தரவில்லை. - மதுரை

பதில்: அம்மா, முதலில் டிஸ்க்கை வாங்குங்கள். பணம் அப்புறம். இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். டிஸ்க் கைக்கு வந்ததும் வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்காதீர்கள். மனு எழுதக் கை கொடுக்கிறேன், முன்பணத்துக்குச் சீட்டு இருந்தால் அதன் படத்தை அனுப்புங்கள்.

கேள்வி: லேப்டாப் வாரன்டியில் டிஸ்க் மாற்றித் தந்தார்கள். உள்ளே இருந்த ஃபைல்கள்? - நெல்லை

பதில்: வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும்.