பக்கத்து நம்பரில இருந்த தங்கச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில எழுதின கேஸைப் பற்றித்தான் இந்த முறை வந்த கடிதமும் வட்ஸ்அப்பும் முக்கால்வாசி, அதால மற்றக் கேள்வியள அடுத்த முறைக்குத் தள்ளிப்போட்டு இதையே எடுக்கிறன். வாசிக்காத ஆக்களுக்காகச் சுருக்கமா: கொழும்பு ஏழில இருக்கிற வசதியான ஒரு அம்மா, ரெண்டு மூண்டு பிஸ்னஸ் நடத்துறவ, தன்னைத் தத்தெடுத்த தாயார் செத்தாப் பிறகு அலுமாரிக்குள்ள தன்னைத் தத்தெடுத்த கோட் ஓடரைக் கண்டெடுத்து, ஆளைத் தேடிக் குடுக்கிற தொழில் செய்யிற என்னட்ட வந்தவ. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில 1970ல பிறந்தவ, நாலு வயசில கொழும்புக்கு வந்தவ, கூடப் பிறந்த இரட்டை தமிழ்நாட்டில கோத்தகிரிப் பக்கம் இருக்கிறா. தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பதினாலு மாசம் எடுத்தது.

இரட்டை எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரிய வந்தது? அந்த அம்மாவுக்கே தெரியாது எண்டுதானே எழுதியிருந்தீங்கள்?
(வாசகி, வெள்ளவத்தை)

அவவுக்குத் தெரியாது எண்டு முழுசாச் சொல்லவும் ஏலாது. விறகுப் புகை மணத்தோட இருட்டான ஒரு அறை, தன்ர கையப் பிடிச்சுக்கொண்டு தன்ர உயரத்திலயே ஒரு பிள்ளை, இது அடிக்கடி வாற கனவு எண்டு அவ நினைச்சுக்கொண்டு இருந்தவ, முதல் நாள் என்னட்ட அதைச் சொல்லேக்கயே எனக்கு மனசில ஏதோ தட்டினது. ஆனா கனவை வச்சு ஒண்டும் செய்யேலாது, பேப்பர் வேணும்.

எங்கட நாட்டில தத்தெடுக்கிறது 1941ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழ மாவட்ட நீதிமன்றத்தால நடக்கிற காரியம், அதால பெத்த ஆக்களின்ர பேர் அந்தக் கேஸ் பைலுக்குள்ள இருக்கும். ஒரு லோயரை வச்சு, அவவின்ர பேரிலயே மனுப் போட்டுத்தான் அதை எடுத்தனாங்கள், பின் கதவால இல்லை. அதில தாய் தகப்பன் பேர், தோட்டத்தின்ர பேர், பிறப்புப் பதிவு நம்பர் மூண்டும் கிடைச்சது. தோட்டத்துப் பிறப்புகளைத் துரைதான், அதாவது தோட்ட நிர்வாகிதான், அறிக்கை பண்ணி மாவட்டப் பதிவாளருக்கு அனுப்புறவர், அதால ஒரே நாளில பிறந்த ரெண்டு பிள்ளையின்ர அறிக்கையும் சேர்ந்தே போயிருக்கும், அடுத்தடுத்த நம்பரா விழும். நான் அவவின்ர நம்பரோட நிக்காமல் முன் நம்பரையும் பின் நம்பரையும் சேர்த்துத் தேடுவிச்சன். பின் நம்பரில அதே நாள், அதே தாய், அதே தகப்பன், இன்னொரு பெண் பிள்ளை. பிரதியக் கையில வச்சுக்கொண்டு கச்சேரி எண்டுற மாவட்டச் செயலகத்து வாசல் படியிலயே கொஞ்ச நேரம் இருந்திட்டன்.

தேடுற எல்லாருக்கும் சொல்லுறன், பிறப்புப் பத்திரத்தில பேரை மட்டும் பாக்காதேங்கோ, தகவல் குடுத்தவர் ஆர் எண்டு ஒரு கட்டம் இருக்குது, அதைப் பாருங்கோ. தகப்பனா, மாமியா, ஹொஸ்பிட்டல் ஆளா எண்டதில இருந்தே அடுத்த கதவு திறக்கும்.

எங்க அப்பா பக்கமும் தோட்டம்தாங்க. அந்தப் பிள்ளைய ஏன் குடுத்தாங்க? குடும்பம் ஏன் இந்தியா போனாங்க? நீங்க அதைச் சரியா எழுதல.
(வாசகர், கொட்டாஞ்சேனை)

நீங்கள் கேட்டது சரி, நான் அவசரத்தில விட்டிட்டன், அதுதான் கதையின்ர உள்ளீடே.

1964 ஒக்டோபரில இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. தோட்டத்து மக்களில 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்க எண்டு, மரக்கறி பங்கு போடுற மாதிரி ரெண்டு அரசாங்கமும் பங்கு போட்டவை, போற ஆக்களிட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை. மிச்சம் ஒண்டரை லட்சம் பேரை 1974ல பாதி பாதியாப் பிரிச்சவை. அதுக்குள்ள 1973, 74ல அரிசியும் மாவும் தட்டுப்பாடாகி, கூப்பன் குறைஞ்சு, தோட்டங்களில பசியால ஆக்கள் செத்தவை, இது ஊருக்கே தெரிஞ்ச விசயம். தோட்டத்து ஆக்கள் இருக்கிற லயத்து வரிசை வீடுகளில இருந்து பிள்ளையளைக் கொழும்பு வீடுகளுக்கு அனுப்பினது அந்த நேரம் நிறைய நடந்தது, ஒரு வாய் குறையும், அந்தப் பிள்ளையாவது சாப்பிடும் எண்டு. என்ர கிளையன்ட் வந்த வீட்டில பிள்ளை இல்லை, அதால வேலைக்கு வச்சிருக்காமல் முறையாத் தத்தெடுத்தவை, அந்த வகையில அவ குடுத்து வச்சவ. ஆனா ஒரு பிள்ளையக் குடுத்து மற்றப் பிள்ளைய வச்சிருக்கிறதெண்டு ஒரு தாய் முடிவெடுத்த அந்த நாளை நான் எத்தினையோ தரம் யோசிச்சுப் பாத்திருக்கிறன், எனக்கு அவவைக் குறை சொல்ல வாய் வரேல்லை.

குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் கிடைச்சு 1976ல தலைமன்னாருக்கு ரயில் ஏறினவை. அந்த ரயிலத் தோட்டத்து ஆக்கள் ஒப்பாரிக் கோச்சி எண்டுதான் சொல்லுவினம், உங்கட அப்பாட்டக் கேட்டுப் பாருங்கோ. தலைமன்னாரில கப்பல், ராமேஸ்வரத்தில இறக்கம், மண்டபம் முகாம், கையில ஒரு குடும்ப அட்டை, பிறகு நீலகிரி. தமிழ்நாட்டு அரசாங்கம் இப்பிடி வந்த ஆக்களுக்கு வேலை குடுக்கத்தான் அங்க தேயிலைத் தோட்டங்கள் போட்டது, கோத்தகிரி, குன்னூர், கூடலூர் எண்டு.

நான் அங்க மூண்டு தரம் போனன். ஆளின்ர பேரைச் சொல்லிக் கேட்டு ஒண்டும் ஆகேல்லை, ஒரே பேரில அம்பது பேர். ஹட்டன் பக்கத்து அந்தத் தோட்டத்தின்ர பேரைச் சொல்லி, அந்தத் தோட்டத்து மேல் டிவிஷன் ஆக்கள் ஆரும் இருக்கிறீங்களோ எண்டு கேட்ட உடன ஒரு கிழவர் எழும்பி வந்தவர். அங்க இன்னும் அவையள சிலோன்காரங்க எண்டுதான் ஊர் சொல்லுது, அவையளுக்குள்ள இன்னும் இந்தத் தோட்டத்துப் பேரை வச்சுத்தான் ஆள் அடையாளம்.

என்ர அவரும் தன்ர இரட்டைச் சகோதரத்தைத் தேடுறார். அவருக்குக் காசு இருக்குது. ஒரு துப்பறியிற ஆள் இதுவரைக்கும் எட்டு லட்சத்துக்கு மேல வாங்கிட்டார், மாசம் ஒரு போட்டோ காட்டுறார், ஒவ்வொரு மாசமும் வேற ஆள். கேட்டால் இவருக்குக் கோவம் வருது. என்ன செய்யிறது அண்ணா?
(பேர் வேண்டாம், பம்பலப்பிட்டி)

தங்கச்சி, அந்த ஆளுக்கு இனி ஒரு சதமும் குடுக்க வேண்டாமெண்டு உங்கட அவரிட்டச் சொல்லுங்கோ, கோவம் வந்தாலும் பரவாயில்லை.

போட்டோ காட்டுறது தேடல் இல்லை. உண்மையாத் தேடுறவன் காட்டுறது எந்தக் கந்தோருக்கு எந்தத் திகதியில போனன், என்ன கேட்டன், என்ன இல்லையெண்டு வந்தது எண்டு. இல்லையெண்டு வாற பதிலும் ஒரு பதில்தான், அதையும் எழுதித் தரவேணும். ஒவ்வொரு தகவலும் எங்க இருந்து வந்ததெண்டு கேளுங்கோ. போன் கொம்பனியில ஆளிருக்கு, பேங்கில ஆளிருக்கு எண்டு சொன்னால் அந்த இடத்திலயே நிப்பாட்டுங்கோ, தனியார் துப்பறியிறவனுக்குப் பொலிஸ் அதிகாரம் ஒண்டும் கிடையாது, அப்பிடி எடுத்த தகவலால நாளைக்கு உங்கட அவரும் சேர்ந்து மாட்டுப்படுவார். காசை வேலையின்ர கட்டத்துக்குக் கட்டம் குடுக்கிற மாதிரி எழுத்தில ஒப்பந்தம் போடுங்கோ, செலவுக்கு ரசீது வாங்குங்கோ.

இன்னொண்டு, இதுதான் முக்கியம். வசதியான ஆள் தேடுறார் எண்டு வெளிய தெரிஞ்சால் இரட்டையள் வரிசையில வருவினம். என்ர கிளையன்டுக்கே ரெண்டு பேர் வந்தவை, ஒருத்தி கதவில நிண்டு அழுதவ, அதில நானே அரைவாசி நம்பிட்டன். நாங்கள் முதல் நாளே ஒரு விசயத்தை மூடி வச்சனாங்கள்: பெத்த குடும்பம் வீட்டில என்ர கிளையன்டைக் கூப்பிட்ட செல்லப் பேர். கோட் பைலில ஒரு கடிதத்தில இருந்தது, அவவுக்கும் எனக்கும் லோயருக்கும் தவிர ஆருக்கும் தெரியாது. வந்த ரெண்டு பேரும் அதில விழுந்தவை. கோத்தகிரியில நான் கேக்காமலே அந்தப் பேர் வந்தது. உங்கட அவரிட்டயும் அப்பிடி ஒண்டு இருக்கும், அதை அந்தத் துப்பறியிறவருக்கும் சொல்ல வேண்டாம்.

டிஎன்ஏ பாத்தால் முடிஞ்சுதானே, ஏன் இவ்வளவு அலைச்சல்?
(மாணவர், தெஹிவளை)

டிஎன்ஏ ஆளைத் தேடித் தராது, ரெண்டு பேர் பக்கத்தில இருந்தால்தான் கதைக்கும். வெளிநாட்டுக் கொம்பனியளின்ர டேட்டாபேஸில போட்டுப் பாக்கலாம், ஆனா மற்ற ஆளோ அவரின்ர நெருங்கின சொந்தமோ அதுக்குள்ள இருக்கவேணும், நீலகிரியில கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா எங்க போய்த் துப்பல் குடுக்கப் போறா?

இரட்டையிலயும் ரெண்டு வகை. ஒரே கரு பிரிஞ்சு வந்த இரட்டையெண்டால் டிஎன்ஏ கிட்டத்தட்ட அப்பிடியே ஒண்டு, சந்தேகமே வராது. ரெண்டு கருவில வந்த இரட்டை சாதாரண சகோதரம் மாதிரித்தான், சராசரி பாதி ஒத்துப்போகும், முகமும் வேறயா இருக்கும். இவையள் ரெண்டாவது வகை, முகத்தைப் பாத்தால் ஆரும் சொல்லேலாது. தாய் தகப்பன் உயிரோட இல்லாமல் சகோதரத்தை மட்டும் வச்சுப் பாக்கிறது கொஞ்சம் சிக்கலான வேலை, ஆனா பெண் பிள்ளையள் ரெண்டு பேர் எண்டதில ஒரு வசதி இருக்குது. தகப்பனிட்ட இருக்கிறது ஒரு எக்ஸ் குரோமோசோம்தான், அது அப்பிடியே மாறாமல் எல்லா மகளுக்கும் போகும், அதால ஒரே தகப்பனின்ர மகளெண்டால் அந்த எக்ஸ் ரெண்டு பேரிலயும் ஒண்டா இருக்கவேணும். எங்களுக்கு அது ஒத்து வந்தது, தாய் வழியும் ஒத்து வந்தது. பேப்பர், செல்லப் பேர், டிஎன்ஏ மூண்டும் ஒரே பக்கம் காட்டினாப் பிறகுதான் நான் வாய் திறந்தன்.

எனக்கு 1985ல ரெட்டைப் பிள்ளை பிறந்தது. ஒண்டு செத்திட்டுது எண்டு சொன்னவை, முகத்தைக் காட்டேல்லை. இப்ப வெளிநாட்டுக்குப் பிள்ளையள் வித்த கதையெல்லாம் கேக்கேக்க நித்திரை வருகுதில்லை.
(ஒரு தாய், மட்டக்குளி)

அம்மா, உங்கட கடிதத்தை நான் நாலு தரம் வாசிச்சன்.

நீங்கள் கேள்விப்பட்டது கட்டுக்கதை இல்லை. எண்பதுகளில எங்கட நாட்டில இருந்து பல ஆயிரம் பிள்ளையள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனவை, சுவிஸுக்கு மட்டும் 1973க்கும் 1997க்கும் இடையில 881 பேர், நெதர்லாந்துக்கு அதை விடக் கனக்க. பொய்த் தாய்மாரைக் காட்டிப் பத்திரம் முடிச்ச கேஸுகள் 2017ல நெதர்லாந்து டிவியில வெளிவந்தது, பிறகு சுவிஸ் அரசாங்கமும் வருத்தம் தெரிவிச்சது. ஆனா அந்தக் காலத்தில பிறந்து கொஞ்ச நேரத்தில செத்த பிள்ளையளும் நிறைய, ரெட்டையில ஒண்டு தங்காமல் போறதும் அடிக்கடி நடந்தது, முகம் காட்டாமல் கொண்டுபோறது அப்ப வழக்கமாவே இருந்தது. ரெண்டையும் மனசில வச்சுக்கொண்டுதான் தேடவேணும்.

முதல் வேலை, உயிரோட பிறந்து செத்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவும் இருக்கவேணும் இறப்புப் பதிவும் இருக்கவேணும், செத்துப் பிறந்ததெண்டால் அதுக்கும் தனிப் பதிவு இருக்கு. அந்தப் பிரிவுக்கு உரிய பிரதேச செயலகத்தில அந்தக் காலப் புத்தகத்தைத் தேடச் சொல்லிக் காசு கட்டி எழுதிக் குடுங்கோ. பதிவு இருந்தால் உங்களுக்கு ஒரு திகதியாவது கிடைக்கும். இல்லாட்டி, தத்துப்போன பிள்ளையளே வளந்து வந்து இங்க தாய்மாரைத் தேடுற குழுக்கள் இருக்குது, அவையளுக்கு டிஎன்ஏ குடுக்கலாம். தனியாப் போகாதேங்கோ, உங்களோட இருக்கிற மற்றப் பிள்ளையக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவருக்கும் அது சகோதரம்தானே. என்னட்ட வாறதெண்டாலும் வாங்கோ, காசு வேண்டாம்.

83 கலவரத்தில பிரிஞ்ச சின்னம்மாவைத் தேட ஆரைப் பிடிக்கலாம்?
(வாசகர், வத்தளை)

முதல்ல செஞ்சிலுவைச் சங்கம், தர்மபால மாவத்தையில இருக்குது. பிரிஞ்ச குடும்பங்களைத் தேடுறது அவையளின்ர வேலையே, காசு எடுக்கிறதில்லை. எந்த முகாமில கடைசியாக் கண்டது, சரஸ்வதி மண்டபமா ரத்மலானையா, கப்பலில யாழ்ப்பாணம் போனவவா எண்டதையெல்லாம் வீட்டில இருக்கிற வயசான ஆக்களிட்டக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கோ, அவையள் இருக்கிற நேரமே கேளுங்கோ.

ஆளைக் கண்டுபிடிச்ச பிறகும் அட்ரஸைக் குடுக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். காசு குடுத்தது அந்த அம்மாதானே? அது எப்பிடி நியாயம்?
(ஆறு பேர் கேட்டிருக்கினம்)

அவவும் இதைத்தான் கேட்டவ, போனில சத்தம் போட்டுக் கேட்டவ. நான் அவவுக்கு முதல் நாளே சொன்ன விசயம் இது, ஒப்பந்தத்திலயும் எழுதியிருக்கு: நான் தேடித் தருவன், ஆள் சம்மதிக்காமல் விலாசம் தரமாட்டன். இவ்வளவு வருசத் தொழிலில நான் விட்டுக் குடுக்காத ஒரே விசயம் இதுதான். தேடுற ஆளுக்குத் தேட உரிமை இருக்கிற மாதிரி, தேடப்படுற ஆளுக்குக் கதவு திறக்காமல் இருக்க உரிமை இருக்குது, அதுவும் ஒரு பக்கம் கார், வீடு, லோயர் எல்லாம் இருந்து மற்றப் பக்கம் ஒண்டும் இல்லாத நேரம் அந்த உரிமைய ஆராவது காப்பாத்தத்தான் வேணும்.

கோத்தகிரியில அந்த அம்மா தன்ர பிள்ளையளுக்குக் கூட இப்பிடி ஒரு சகோதரம் இருக்கெண்டு சொல்லியிருக்கேல்லை. டிஎன்ஏக்கு ஒத்துக்கொண்டவ, கையெழுத்தும் வச்சவ, ஆனா கதைக்கிறதைப் பற்றிக் கேட்ட உடன ஒண்டும் பேசாமல் உள்ள போயிட்டா. நான் கிளையன்ட் எழுதின கடிதத்தைக் குடுத்திட்டு வந்திட்டன். ஏழு கிழமை ஒரு சத்தமும் இல்லை. அந்த ஏழு கிழமையும் கொழும்பு ஏழில இருந்து ஒவ்வொரு நாளும் போன்.

பிறகு ஒரு இரவு வட்ஸ்அப்பில வொய்ஸ் வந்தது, பேரப்பிள்ளையின்ர போனில இருந்து. ரெண்டு விசயம் சொன்னா. காசு எதுவும் அனுப்பக் கூடாது. அம்மா ஏன் உன்னக் குடுத்தாங்கன்னு கேக்கக் கூடாது, நானே சொல்ற அன்னிக்குச் சொல்றேன்.

அதைக் கிளையன்டுக்குப் போட்டுக் காட்டினன். திருப்பித் திருப்பிக் கேட்டவ, கடைசியில சரியெண்டவ, அந்தச் சரியையும் வொய்ஸா வாங்கி அங்க அனுப்பி, அங்க இருந்து பதில் வந்தாப் பிறகுதான் நம்பரைக் குடுத்தன்.