பேஸ் கிற்றார் இரையுது: நானே திறந்து பார்க்கலாமா, கொழும்புக்கு அனுப்பவேணுமா?

கேள்வியில நீங்கள் எழுதியிருக்கிறது இவ்வளவுதான்: ஜாஸ் பேஸ் எண்ட மாடல் மாதிரி ரண்டு பிக்கப் (தந்தி அதிர்றதை மின்சாரமாக்கிற துண்டு) உள்ள பழைய பேஸ் கிற்றார், அம்ப்பில (சத்தத்தைப் பெருக்கிற பெட்டி) குத்தினால் ஒரே இரைச்சல், திறக்கப் பயமாக் கிடக்கு. அதுக்குக் கீழ ஒராள் "வாசிக்கிறவன் வாசிக்கவேணும், திருத்திறவன் திருத்தவேணும், ரண்டையும் குழப்பாதையுங்கோ" எண்டு பதில் போட்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் என்ன, உங்கட கேள்விக்காக இல்லை, அவரின்ர பதிலுக்காகத்தான் நான் இதை எழுத வெளிக்கிட்டனான்.

இணுவில் பக்கம் ஒரு தவில்காரரிட்டைப் போய், "அண்ணை, உங்கட விரலுக்குப் போடுற கூட்டை ஆர் செய்து தாறது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. சிரிப்பார். நாதஸ்வரக்காரர் மேடையில ஏறேக்கை பாத்திருக்கிறியளோ? சீவாளியைச் சரிப்படுத்திற ஊசி, மாத்துச் சீவாளி எல்லாம் வாத்தியத்திலேயே தொங்கும். சீவாளி சரியில்லை எண்டு அவர் பெட்டியை மூடிக்கொண்டு கடைக்குப் போறேல்லை. அவை வாசிக்கிறவையோ, திருத்திறவையோ? கிற்றார் எண்டவுடன மட்டும் ஏன் எங்களுக்கு இந்தப் பயம் வருது?

சரி, உங்கட விசயத்துக்கு வாறன். ஸ்குரூ டிரைவரை எடுக்க முதல் ஒரு சோதனை செய்யுங்கோ. வொலியூமைக் கூட்டி வைச்சுப்போட்டுத் தந்தியில கை வையுங்கோ. இரைச்சல் குறைஞ்சால் உள்ளுக்க ஏர்த் வயர் சரி, வெளி இரைச்சலை மறிக்கிற உலோக மறைப்புத்தான் காணாது. தந்தியைத் தொடக் குறையேல்லை, ஆனால் கேபிள் பிளக்கின்ர இரும்பைத் தொடக் குறையுது எண்டால், பிறிட்ஜுக்கு (தந்தி பூட்டுற இரும்பு) கீழயிருந்து வாற ஏர்த் வயர் எங்கையோ விட்டுப்போச்சு. கேபிளை ஆட்டக் கர்கர் எண்டால் பிழை ஜாக்கில (கேபிள் குத்திற ஓட்டை), இல்லாட்டிக் கேபிளில. வொலியூமைத் திருகேக்கை மட்டும் கரகரத்தால் கொன்ற்றோலுக்குள்ள (திருகிற குமிழுக்குக் கீழ இருக்கிற துண்டு) அழுக்கு. கொன்ராக்ற் கிளீனர் ரண்டு சொட்டு விட்டு இருபது தரம் திருகினால் போயிடும் (பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடிச்சுப்போட்டு என்னைத் திட்டாதையுங்கோ). ரண்டு வொலியூமும் முழுசாக் கிடக்கேக்கை அமைதி, ஒண்டைக் குறைச்சவுடன இரைச்சல் எண்டால் அது வருத்தமே இல்லை. 1960இல வந்த ஜாஸ் பேஸ் வடிவத்தின்ர குணம் அது. இப்ப வாறதுகளில ரண்டு பிக்கப்பும் ஒண்டுக்கொண்டு எதிரா இருக்கும், ரண்டும் சேர்ந்து நிக்கேக்கை ஒண்டின்ர இரைச்சலை மற்றது தின்னும்.

அந்த இரைச்சலை ஒருக்காக் காது குடுத்துக் கேளுங்கோ. எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ். ஆகத் தடிச்ச தந்தியில மூண்டாம் பிரெற்றை (கழுத்தில குறுக்கா ஓடுற கம்பி) அமத்தினால் வாற ஜி எண்ட சுரம், 49 ஹேர்ட்ஸ். அதாலதான் ஜி-யில நிக்கிற பாட்டு வந்தால் சுருதி விலகின தம்புரா பக்கத்தில இருக்கிற மாதிரி அலையும். அமெரிக்காவில 60 ஹேர்ட்ஸ், யூரியூப்பில வாற அவையளின்ர இரைச்சல் வேற. எனக்கு இதைக் கண்டுபிடிக்க எட்டு வருசம் எடுத்தது. கீபோட்காரன்தான் சுருதியைப் பிழையா வைச்சிருக்கிறான் எண்டு அவ்வளவு நாளும் அவனோட சண்டை.

இனி என்ர கதை. 2021 கடைசியில என்ர பேஸும் உங்கடை மாதிரித்தான் இரைஞ்சது. பயத்தில துணியால சுத்தி, பெட்டியில வைச்சு, இரவு பஸ்ஸில கொழும்புக்கு அனுப்பினன். கடைப் பேர் சொல்ல மாட்டன், இப்பவும் இருக்கிறவை. ரண்டு மாசம் வைச்சிருந்தவை. திரும்பி வரேக்கை பதினெண்ணாயிரம் ரூபா பில்லும், "பிக்கப் பழசு, அடுத்த முறை மாத்தவேணும்" எண்ட ஒரு துண்டும் வந்தது. வீட்டில கொண்டுவந்து குத்தினால் அதே இரைச்சல், அதே ஜி.

2022 பங்குனியில ஒரு கோயில் மேடை ஒத்துக்கொண்டிருந்தனாங்கள். அந்த மார்ச் கடைசி ஞாபகம் இருக்குமே, ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, பெற்றோலுக்கு வரிசை. திரும்பக் கொழும்புக்கு அனுப்பிற கதை கனவிலயும் இல்லை. மத்தியானம் திண்ணையில கிற்றாரை மடியில வைச்சுக்கொண்டு இருக்கேக்கைதான் சித்தப்பா வந்தவர். அவர் 90களில ரேடியோ திருத்தினவர். பொருளாதாரத் தடை, யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் இல்லை, பற்றறி தடைசெய்த சாமான், சைக்கிளை ஸ்ராண்டில விட்டு மிதிச்சு டைனமோவில பாட்டுக் கேட்ட காலம்.

"உதென்னடா, மூடி திறக்கப் பயமோ? உதுக்குள்ள ஒரு வோல்ற்றும் இல்லை. கடிக்காது."

"திறந்தாலும் என்ன செய்யிறது சித்தப்பா? கரண்ட் இல்லை, ஈயம் உருக்கிற அயன் சூடாகாது."

"கரண்ட் இருந்தோ நாங்கள் அண்டைக்குத் திருத்தினனாங்கள்?"

எட்டு ஸ்குரூ. மூடி வந்தது. நான் நினைச்ச மாதிரிப் பெரிய சிக்கல் ஒண்டும் உள்ளுக்க இல்லை. மூண்டு கொன்ற்றோல், ஒரு கப்பாசிற்றர், ஒரு ஜாக், பத்துப் பன்னிரண்டு வயர். முழு மின்சாரமும் அவ்வளவுதான். சித்தப்பா கண்ணாடியை நெத்தியில ஏத்திப்போட்டு, வொலியூம் கொன்ற்றோலின்ர முதுகில இருந்த ஈய உருண்டையை நகத்தால நெம்பினார். ஒட்டுப்பொட்டுக் கழண்ட மாதிரி வயரோட சேர்ந்து அப்பிடியே வந்தது. பிறிட்ஜில இருந்து வாற ஏர்த் வயர் அதுதான்.

ஏன் அப்பிடி ஆகும் எண்டு அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லவேணும், ஏனெண்டால் நீங்கள் செய்தாலும் இந்த இடத்திலதான் பிழைப்பியள். கொன்ற்றோலின்ர முதுகு முழு இரும்பு. சின்ன 25 வாட் அயனை வைச்சால் ஈயம் உருகும், ஆனால் முதுகு சூடாகாது. உருகின ஈயம் மேல குந்தியிருக்குமே தவிரப் பிடிக்காது. நல்லாப் பிடிச்ச ஈயம் பளபளத்துக்கொண்டு ஓரம் படிஞ்சு கிடக்கும். பிடிக்காதது சாம்பல் நிறத்தில உருண்டு நிக்கும். கடைக்காரர் தொட்டுத்தான் இருக்கினம், சூடு காட்டேல்லை. கொழும்பு, 400 கிலோமீற்றர், பதினெண்ணாயிரம், எல்லாம் இந்த ஒரு பொட்டுக்கு.

சித்தப்பா வீட்டுக்குப் போய்ப் பெருவிரல் மொத்தத்தில செம்புத் துண்டு பூட்டின ஒரு இரும்புக் கம்பியைக் கொண்டு வந்தார். அம்மாவின்ர அடுப்பில சிரட்டைக்கரி போட்டு அதுக்குள்ள செருகி வைச்சது. கொன்ற்றோல் முதுகை அரத்தால கொஞ்சம் உரஞ்சினம். ஈயம் பிடிக்க ரொசின் வேணும், அது வீட்டில இல்லை. தங்கச்சியின்ர வயலின் பெட்டிக்குள்ள வில்லுக்குப் பூசிற கட்டி கிடந்தது, அதுவும் அதே சாமான்தான். ஒரு மூலையைக் கிள்ளினம். (தங்கச்சி இதை இன்னும் வாசிக்கேல்லை எண்டு நம்புறன்.) செம்பு நல்லாச் சூடேறினவுடன எடுத்து, ஈயம் தடவி, வயரை வைச்சு மூண்டு செக்கன் அமத்தினார். வெள்ளிக்காசு மாதிரிப் படிஞ்சுது. அந்தச் செம்புக் கட்டி அவ்வளவு சூட்டைப் பிடிச்சு வைச்சிருக்கும், அதுதான் அதின்ர வித்தை. நான் இப்ப 60 வாட் அயன் ஒண்டு வைச்சிருக்கிறன், அதுவும் செய்யுது, ஆனால் அந்த வடிவு வராது.

இரவு கரண்ட் வந்தவுடன குத்திப் பாத்தன். தந்தியில கை வைக்க இரைச்சல் முக்கால்வாசி போச்சு. மிச்சக் கால்வாசிக்குத்தான் மறைப்பு வேணும். வெளிநாட்டுப் பெடியள் ஒட்டுற செப்புத் தாள் எண்டு ஒண்டைக் காட்டுவினம், அப்ப இங்க எங்க தேடுறது? பூசைச் சாமான் கடையில யந்திரம் எழுதுற மெல்லிய செப்புத் தகடு கிடக்கெல்லே! நாலு வாங்கினன். கடைக்காரர் "என்ன தம்பி, வீட்டில கனக்கப் பிரச்சினையோ?" எண்டு கேட்டவர். அளவா வெட்டி, குழிக்குள்ள ஒட்டி, ஒவ்வொரு பொருத்திலயும் ஒரு பொட்டு ஈயம் வைச்சு, ஒரு வயரை ஏர்த்துக்குக் குடுத்தன். பூட்டிக் குத்தினால் இரைச்சலும் இல்லை, பாட்டும் இல்லை, ஒண்டுமே இல்லை. ஜாக்கில பாட்டு வாற முனை தகட்டில முட்டிக்கொண்டு நிண்டிருக்கு. தகட்டுக்கு மேல, முட்டக்கூடிய இடமெல்லாம் இன்சுலேசன் ரேப் ஒட்டுங்கோ. நான் ஒட்டாததால அரை நாள் தேடினனான். சில பேர் சமையலுக்குப் பாவிக்கிற அலுமினியத் தாளை ஒட்டுகினம். மறைக்கும், ஆனால் அதில ஈயம் பிடிக்காது, ஸ்குரூவாலதான் வயரை இறுக்கவேணும்.

அதுக்குப் பிறகு எனக்குக் கை நிக்கேல்லை. பழைய கொன்ற்றோலை மாத்துவம் எண்டு ரவுணில ஒரு ரேடியோச் சாமான் கடையில கேட்டன். "எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டு பி எழுத்துப் போட்டதைத் தந்தார். ஒண்டு இல்லை. பி எண்டால் நேர்கோட்டில போறது. வொலியூமை முக்கால்வாசி திருகியும் ஒண்டும் நடக்காது, கடைசியில தொபுக்கெண்டு விழும். காதுக்குச் சரியாப் போறது ஏ. உங்கட பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், ஏ எழுத்து, அதைப் பாத்து வாங்குங்கோ. ரோன் கப்பாசிற்றருக்கு 473 எண்டு எழுதினது, அதாவது 0.047 மைக்ரோ ஃபரட். பச்சை நிறத்தில சின்னக் காசுக்கு வரும். ஆயிரக்கணக்கில விக்கிற கப்பாசிற்றரால சத்தம் தேனா வடியும் எண்டு கொமென்ற்றில வரப்போறவைக்கு: என்ர காதுக்குத் தெரியேல்லை, உங்கட காதோட எனக்குக் கோபமும் இல்லை.

கொன்ற்றோல் மாத்தேக்கை ஒரு பிக்கப்பின்ர ரண்டு வயரையும் மாறிக் குடுத்துப்போட்டன். தனித்தனியா வாசிக்க நல்லாத்தான் இருந்தது. ரண்டையும் முழுசா விட்டவுடன கீழ்ச் சத்தம் முழுக்கக் காணாமல் போய், நுளம்பு மாதிரி ஒரு மூக்குச் சத்தம். மாத்திக் குடுக்கச் சரியாப் போச்சு. கழட்ட முதல் போனில நாலு படம் எடுத்து வையுங்கோ எண்டு சொல்லுறது இதுக்காகத்தான்.

அந்த மேடை நல்லாப் போச்சுது. ஆனால் கணக்குத் தீர்க்கேக்கை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது. கீபோட்காரருக்கு ஒரு காசு, எனக்கு அதில பாதி. கேட்டதுக்கு, "கீபோட்டில ஸ்ரைல் போட்டால் பேஸ் தானா வரும்தானே தம்பி, நீர் ஒரு வடிவுக்குத்தானே" எண்டினம். வடிவுக்கோ? சவுண்ட்காரரும் முதல் அரை மணித்தியாலம் என்ர லைனைத் திறக்கவே இல்லை. யந்திரத் தகடு போட்டு, சிரட்டைக்கரியில ஈயம் காய்ச்சி நான் கொண்டுபோன பேஸ், அவையளுக்குக் கண்ணுக்கு மட்டும்தான். உங்கட கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, தெரியும்.

இப்ப ஆராவது வந்து "ஒருத்தருக்குக் கரண்ட் அடிச்சால் நீர் பொறுப்போ" எண்டு கேக்க முதல் சொல்லிப்போடுறன். நான் திறக்கச் சொன்னது கிற்றாரை, கேபிளைக் கழட்டிப்போட்டு. அம்ப்பைத் திறக்காதையுங்கோ. அது 230 வோல்ற் சாமான், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளுக்க இருக்கிற பெரிய கப்பாசிற்றர் மின்சாரத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு காத்துக்கொண்டு இருக்கும். "அம்ப்பின்ர ஏர்த்தைக் கழட்டினால் இரைச்சல் போகும்" எண்டு ஆராவது அண்ணை சொல்லுவார். சிலவேளை போகும்தான். ஆனால் நீங்கள் தந்தியைப் பிடிச்சுக்கொண்டு மைக்கில வாயை வைக்கிறனீங்கள், பிறகு ஆளே போயிடுவியள். ஜெனறேற்றரில ஓடுற மேடையில மைக் உதட்டில சுளீர் எண்டால் கிற்றாரை நோண்டாமல் சவுண்ட்காரரைக் கூப்பிடுங்கோ.

பற்றறி போடுற பேஸ் எண்டால் இன்னொண்டு. கேபிளைக் குத்தினாலே உள்ளுக்க பற்றறி ஓடத் தொடங்கும், அந்த ஜாக்தான் சுவிச். வாசிச்சு முடியக் கேபிளைப் பிடுங்கி வையுங்கோ. என்ர சிநேகிதன்ரை பேஸில ஒரு கிழமை குத்தினபடி கிடந்ததைக் கண்டுபோட்டு, செத்த பற்றறியை வெய்யில்ல காயவைச்சுப் பாட்டுக் கேட்ட சித்தப்பா அவனுக்குக் குடுத்த பேச்சை இங்க எழுத ஏலாது.

மாரி தொடங்கினால் கிற்றாரின்ர கழுத்து கொஞ்சம் அசையும். முதல் பிரெற்றையும் கடைசிப் பிரெற்றையும் ஒண்டா அமத்திப் பிடிச்சு, ஏழாம் எட்டாம் பிரெற்றடியில ஒரு விசிற்றிங் கார்ட் போற இடைவெளி இருக்கோ எண்டு பாருங்கோ. கூட இருந்தால் கழுத்துக்குள்ள ஓடுற இரும்புக் கம்பியைக் கால் சுத்து இறுக்கி, ஒரு நாள் விட்டுப் பாத்துப்போட்டு மற்றக் கால் சுத்து. விறைச்சு நிண்டால் பலவந்தப்படுத்தாதையுங்கோ. பிரெற்பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசச் சொல்லி அம்மாமார் சொல்லுவினம். பூசினால் நாள் போகச் சிக்கு மணம் மணக்கும்.

இண்டைக்குப் பின்னேரம் முதல் அந்தத் தொட்டுப் பாக்கிற சோதனையைச் செய்து, தந்தியோ பிளக்கோ எதில குறையுது எண்டு கீழ எழுதுங்கோ, மிச்சத்தைச் சொல்லுறன். மறைப்புத்தான் தேவை எண்டால் என்னட்டை அரைத் தகடு மிஞ்சிக் கிடக்கு, தரலாம். ஆனால் அம்மா அதை ஏதோ விசேச யந்திரம் எண்டு நினைச்சுச் சாமியறையில சந்தனம் வைச்சுக் கொழுவியிருக்கிறா. நீங்களே வந்து கேட்டு எடுத்தால்தான் உண்டு.